பத்து நிமிஷம் முந்தி ஓடுற கடியாரம்

இந்த வண்டி லேட்டு தம்பி. டிரைவர் கியர் போடுற சத்தத்தை வச்சே சொல்லிருவேன். உசிலம்பட்டி போறதுக்குள்ள பின்னால வர்றவன் இவனைப் பிடிச்சுருவான், அப்புறம் ரெண்டு பேரும் நடுரோட்டுல நிறுத்திக் கத்துவாய்ங்க. கத்தட்டும், நமக்கென்ன, இன்னைக்கு எனக்கு லீவு. நான் டைம் கீப்பர். எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல தனியார் பஸ் முதலாளிங்க சங்கம் இருக்குல்ல, அதுல வேலை. விசிலை ஊதி வண்டியைக் கெளப்பி விடுறது நான்தான். நான் ஊதலைன்னா ஒரு சக்கரம் உருளாது.

நீங்க என்ன வேலை பாக்குறீங்க? கம்ப்யூட்டரா? அப்படியா. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம், சிரிக்கக் கூடாது. கம்ப்யூட்டர்ல வீடியோ கேம் விளையாடுறாங்களே, அதை யாரு சீக்கிரம் முடிக்கிறாங்கன்னு உலகம் பூரா போட்டி இருக்காமே, தெரியுமா? தெரியுமா! அட போங்க தம்பி, எங்க ஊருல ஒவ்வொருத்தனுக்கும் அதை விளக்கிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

எம் மகன் லோகநாதன் அதுல ரெக்கார்டு வச்சான். லோகு. உலக ரெக்கார்டு. ஒரு வாரம் லிஸ்டுல அவன் பேருதான் மேல நின்னுச்சு. அப்புறம் எடுத்துட்டாய்ங்க. ஏமாத்துக்காரன்னு சொல்லி எடுத்துட்டாய்ங்க தம்பி. அதுதான் வருத்தம். வெளியில சொல்லவே வெக்கமா இருக்கு. உங்களுக்கு நம்மளைத் தெரியாது, தேனியில இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன்.

அந்த கேமுக்குள்ள ஒரு நாடே இருக்கு. மலை, ஆறு, சந்தை, கோட்டை, எல்லாம். இந்த வழியாத்தான் போகணும்னு கெடையாது, குதிரையில ஏறி எங்கிட்டு வேணா போகலாம், மீன் பிடிக்கலாம், சும்மா படுத்தும் கெடக்கலாம். கடைசியா வடக்க ஒரு கோட்டையில ராசா ஒருத்தன் இருக்கான், அவனை அடிச்சா முடிஞ்சுது. மத்தவங்க மாசக்கணக்குல ஆடுறதை இந்தப் பயலுக ஒரே மூச்சுல முடிக்கிறாய்ங்க. நடுவுல எந்திரிக்கக் கூடாது, நிறுத்தி வைக்கக் கூடாது. கேமையும் ஆடுறவன் மூஞ்சியையும் சேத்து வீடியோ எடுத்து அனுப்பணும். வெளிநாட்டுல நாலஞ்சு பேரு உக்காந்து அதை முழுசாப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் பேரு லிஸ்டுல நிலைக்கும்.

லோகு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சான். ஒரு பாறை இடுக்குல குதிரையைக் கொண்டுபோய் முட்டு முட்டுன்னு முட்டினா, குதிரையோட மண்ணுக்கு அடியில போயிரலாமாம். மலையைச் சுத்தாம மலைக்குக் கீழயே போயி வெளிய வந்துருவான். நான் சொன்னேன், "டேய், நம்ம பொழப்புல ரூட்டு மாத்தி ஓட்டுனா பர்மிட்டைப் பிடுங்கிருவாங்கடா." அவன் சிரிச்சான். "அப்பா, கேம்ல இருக்குற ஓட்டை எதுல வேணா பூந்து போகலாம். வீடியோவுலதான் கை வைக்கக் கூடாது. அதுல ஒரு வெட்டு விழுந்தாலும் அவன் மனுஷனே இல்ல"ன்னான். அப்ப எனக்கு அது புரியல. இவனுக்குன்னு ஒரு நியாயம், இவனுக்குன்னு ஒரு சட்டம்னு நெனச்சுக்கிட்டேன்.

பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்துல எனக்கு இது பிடிக்கவே இல்ல. காலேஜ் முடிச்சுட்டு ஒரு செல்போன் கடையில மதியத்துக்கு மேலதான் வேலைக்குப் போவான். காலையில பூரா இதே குதிரைதான். "தண்டச்சோறு, குதிரை மேயுது நீயும் மேயுற"ன்னு திட்டுவேன். அவன் அம்மா செம்பகம்தான் அவனுக்கு வக்கீலு. அவன் ஆட உக்காந்துட்டா மிக்சி போட மாட்டா, கரண்டு இறங்கிருமாம். சட்னியை அம்மியில அரைப்பா. வீட்டுச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அவன் மைக்கை அமத்தி வச்சிருப்பான். நேரடியா ஒளிபரப்புனா இன்னும் நல்லதாம், எங்க தெரு நெட்டு அதுக்கு இழுக்காது. எடுத்து வச்சு அனுப்புறதுதான்.

எங்க வீட்டுல ஹால் ஒண்ணுதான் தம்பி. அவன் கம்ப்யூட்டரும் அங்கதான், சாப்பாடும் அங்கதான். அவன் உக்கார்ற இடத்துக்குப் பின்னாடி சுவத்துல எங்க கடியாரம் தொங்கும். அவன் மூஞ்சியைப் பிடிக்கிற கேமராவுல அதுவும் தெரியும். அந்தக் கடியாரம் எப்பவும் பத்து நிமிஷம் முந்தி ஓடும். நான்தான் அப்படி வச்சிருப்பேன். உங்க வீட்டுலயும் வச்சிருப்பாங்களே? அதானே. வீட்டுக் கடியாரம் சரியான நேரம் காட்டினா அந்த வீடு உருப்படுமா? பத்து நிமிஷம் இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சாலும், முள்ளைப் பாத்தா கால் தானா ஓடும். முப்பது வருஷமா நான் டூட்டிக்கு லேட்டாப் போனதில்லன்னா அதுதான் காரணம்.

இன்னொண்ணும் சொல்லணும், சொல்லக் கூச்சமா இருக்கு. முன்னாடி ஒரு தடவை லோகு ஆடிக்கிட்டிருக்கும்போது நான் வேட்டியோட, மேல ஒண்ணும் போடாம, வயித்தைச் சொறிஞ்சுக்கிட்டு பின்னாடி நடந்து போயிருக்கேன். அது வீடியோவுல விழுந்துருச்சு. அதை எவனோ பாத்து, எவனோ அனுப்பி, கடைசியில தங்கமாயன் போனுக்கு வந்துருச்சு. தங்கமாயன்னா ஜோதிவேல் பஸ்ஸோட செக்கர், எனக்கு ஆகாத ஆளு. அவன் டீக்கடை முன்னால நின்னு என்னை மாதிரியே வயித்தைச் சொறிஞ்சு நடந்து காமிச்சான். அம்புட்டு பேரும் சிரிச்சாய்ங்க. அதுலருந்து அந்தக் கேமராவைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அன்னைக்குக் காலையில குளிச்சுட்டு, இடுப்புல வேட்டி, தோள்ல துண்டோட ஹாலுக்கு வாரேன். பாத்தா கடியாரம் சரியான நேரம் காட்டுது. எவன் வீட்டுல எவன் கைவரிசை! லோகுதான் முதநாள் அதுக்கு பேட்டரி செல்லு மாத்தும்போது சரியான நேரம் வச்சிருக்கான். வீடியோ பாக்குறவங்க, உங்க கடியாரம் என்ன எப்பவும் தப்பாவே ஓடுதுன்னு கேட்டாங்களாம். என்னைக் கேக்கணுமா இல்லையா? எனக்குச் சுருக்குன்னுச்சு. டூட்டிக்குப் போற மனுஷன் வீட்டுல இப்படி ஒரு கடியாரமான்னு ஸ்டூலை எடுத்தேன். "வராதீங்கப்பா, வராதீங்கப்பா"ன்னு கையைக் காட்டுறான். நான் வாசப்படியிலயே நின்னேன். அவன் கேம்ல கப்பல் ஏறி அந்தக் கரைக்குப் போகணும், அப்பக் கொஞ்ச நேரம் திரை பூரா கருப்பா இருக்கும், அடுத்த ஊரு வர்ற வரைக்கும். அது வந்ததும் காதுல மாட்டியிருந்ததை லேசாத் தூக்கி, "என்ன வேணுமோ எடுத்துட்டு சீக்கிரம் போங்கப்பா"ன்னான்.

நான் என்ன செஞ்சேன், துண்டை எடுத்துக் கேமரா மேல போட்டேன். இன்னொரு தடவை நான் வெத்து உடம்போட ஊரு சிரிக்க நிக்கணுமா? ஸ்டூல்ல ஏறுனேன், கடியாரத்தை இறக்குனேன், முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால தள்ளுனேன், மாட்டுனேன். ஸ்டூலைத் தூக்கிட்டு, துண்டை உருவிட்டு வந்துட்டேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல, அவன் கண்ணு பூரா திரையிலதான். இம்புட்டுத்தான் நடந்துச்சு. இதுல நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு நீங்களே சொல்லுங்க.

நான் சட்டை போட்டுக்கிட்டு இருக்கும்போது ஹால்ல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா, பய தரையில மண்டி போட்டு உக்காந்து அழுகுறான். ராசாவை அடிச்சுட்டானாம். உலகத்துல எவனும் அம்புட்டு வேகமா அடிச்சதில்லையாம். செம்பகம் மாவுக் கையோட அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு ஒண்ணும் ஓடல. அவன் என் கையைப் பிடிச்சு, "அப்பா, ஃபஸ்ட்டுப்பா, உலகத்துலயே ஃபஸ்ட்டுப்பா"ன்னான். சின்னப் புள்ளையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் விசிலைப் பிடுங்கி ஊதும்போது அவன் மூஞ்சி இப்படி இருக்கும். எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, ஏன் மறைக்கணும்.

வெளிநாட்டுக்காரங்க மேலோட்டமாப் பாத்து பேரை ஏத்திட்டாங்க. முழுசாப் பாக்குறது அப்புறமாம். எனக்கு அது எங்க தெரியும்? பேரு ஏறிருச்சுன்னதும் நான் நேரா டீக்கடைக்குப் போயி தங்கமாயன் காதுபடச் சொன்னேன். மறுநாளே பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஃபிளெக்ஸ். செங்கமலம் பஸ் முதலாளி வச்சாரு, அவரு நம்ம மேல பிரியமான ஆளு. 'உலக சாதனை படைத்த எங்கள் டைம் கீப்பர் இல்லத்துச் செல்வம்'னு போட்டு, மூலையில வட்டத்துக்குள்ள லோகு, நடுவுல முழு உருவமா விசிலோட நான். நானா கேக்கல. போட்டோ மட்டும் குடுத்தேன். லோகு அதைப் பாத்துட்டு, "முழுசாப் பாத்து முடிக்கட்டும்ப்பா, அதுக்குள்ள ஏம்ப்பா"ன்னான். கண்ணு படும்னு பயப்படுறான்னு நெனச்சேன்.

ஒரு வாரங்கூட ஆகல. பாத்தவங்க கேட்டிருக்காங்க: கப்பல் ஏறுறப்ப திரை கருப்பாகுது. அதே நேரத்துல உன் கேமராவும் கருப்பாகுது. திரும்பி வரும்போது உன் பின்னாடி இருக்குற கடியாரம் பத்து நிமிஷம் ஓடியிருக்கு. கேம்ல போனதோ கொஞ்சூண்டு நேரம். அப்ப அந்தப் பத்து நிமிஷம் நீ எங்க போன? நிறுத்தி வச்சுட்டு, திரும்பத் திரும்ப ஆடிப் பாத்து, நல்லா வந்ததை எடுத்து ஒட்டிட்டியா?

கேள்வி சரியான கேள்விதான் தம்பி. நான் அவங்க எடத்துல இருந்திருந்தாலும் விசிலை ஊதியிருப்பேன். கடியாரம் ஒண்ணு சொல்லுது, மனுஷன் ஒண்ணு சொல்றான்னா யாரை நம்புறது? கடியாரத்தைத்தான்.

லோகு அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்துட்டு, சாயங்காலம் என்கிட்ட வந்தான். "அப்பா, அன்னைக்கு நீங்க கடியாரத்தைத் தொட்டீங்களா?" "ஆமாடா, நான்தான் திருப்பி வச்சேன், அதுக்கென்ன இப்ப?"ன்னேன். அவன் மூஞ்சியில உசுரு வந்துச்சு பாருங்க. "அம்மா, அப்பாதாம்மா!"ன்னு அடுப்படிக்கு ஓடுறான். திரும்பி வந்து, "அப்பா, நீங்க கேமரா முன்னால உக்காந்து இதை மட்டும் சொன்னாப் போதும்ப்பா. தமிழ்லயே சொல்லுங்க. நான் கீழ இங்கிலீஷ்ல எழுதிடுறேன். முடிஞ்சுது"ன்னான். நானும் சரின்னுட்டேன். ரவைக்கு நிம்மதியாச் சாப்புட்டோம்.

அவன் உடனே அவங்களுக்கு எழுதிப் போட்டுட்டான். எங்கப்பாதான் அன்னைக்கு உள்ள வந்தாரு, அவரே வந்து பேசுவாரு, அவரு பேசுறதை வெட்டாம ஒட்டாம அப்படியே அனுப்புறேன்னு. அவங்களும் நல்லவங்கதான், ஒத்துக்கிட்டாங்க.

இங்கதான் தம்பி விதி. இதுக்கெல்லாம் முந்தி ஆடி மாசம் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு, அதைச் சொன்னாத்தான் என் நெலமை உங்களுக்குப் புரியும். ஜோதிவேல் பஸ்காரய்ங்க சங்கத்துல புகார் குடுத்தாய்ங்க. டைம் ஆபீஸ் கடியாரத்தை நான் செங்கமலத்துக்குத் தோதா முன்ன பின்ன தள்ளி வைக்கிறேனாம். ரெண்டு நிமிஷம் முந்தி ஒரு வண்டி எடுத்துட்டா நிக்கிற கூட்டம் பூரா அதுல ஏறிரும், பின்னால வர்றவன் காத்து வாங்கிட்டுப் போவான். அதான் அவய்ங்க வயித்தெரிச்சல். நான் அப்படியெல்லாம் செய்யுற ஆளா? கடியாரம்னா கொஞ்சம் முன்ன பின்ன ஓடத்தான் செய்யும். செங்கமலம் முதலாளி தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுப்பாரு, அது பழக்கத்துக்குக் குடுக்கிறது.

பஞ்சாயத்துல தங்கமாயன், சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்கன்னான். எனக்கு ரோசம் வந்துருச்சு. ஆபீஸ் கடியாரத்தைத் தொடலைன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அத்தனை முதலாளிக முன்னால எந்திரிச்சு, "என் ஆயுசுல எந்தக் கடியாரத்து முள்ளையும் இந்தக் கை திருப்புனதில்ல"ன்னு சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால அமத்திட்டேன். தங்கமாயன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்குன்னு ஒரு மரியாதை அன்னைக்குத்தான் வந்துச்சு.

நான் லோகுவுக்குச் சரின்னு சொன்ன மறுநாள் டீக்கடையில தங்கமாயன் வந்து பக்கத்துல உக்காருறான். "என்னண்ணே, கடியாரத்தைத் திருப்புனதைப் பத்தி வீடியோவுல பேசப் போறீகளாமே? உங்க மகன் கடையில சொன்னாப்ல. நாங்களும் பாப்போம்ல"ன்னு சிரிச்சான். நான் பாதி டீயை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க தம்பி. வீட்டுக் கடியாரம்தான், ஒத்துக்கிறேன். ஆனா தங்கமாயன் பாதியை வெட்டிப் போட்டுக் காட்டுவான்ல? நான் என் வாயால, 'கடியாரத்து முள்ளை நான்தான் தள்ளி வச்சேன்'னு சொல்றது ஒவ்வொரு டிரைவர் போனுலயும் ஓடும்ல? சூடம் அணைச்சது என்ன ஆகுறது? பொய்ச் சத்தியம் புள்ளையத்தான் பிடிக்கும்பாங்க. அதுக்கும் பயந்தேன். எனக்காக மட்டும் பயந்தேன்னு செம்பகம் சொல்றா, அது தப்பு.

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. பாம்பும் சாகணும், தடியும் முறியக் கூடாது. வெள்ளைக்காரனுக்குத் தமிழா தெரியப் போகுது? நான் என் மரியாதைக்குத் தக்கன தமிழ்ல சொல்லிருவோம், லோகு அவனுக்கு வேணுங்கறதை இங்கிலீஷ்ல போட்டுக்கட்டும். ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம். நல்ல யோசனைதானே? இன்னைக்கும் எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல.

குளிச்சு, துன்னூறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்தேன். லோகு எனக்குத் தண்ணி கொண்டாந்து வச்சான். காலர் மடிஞ்சிருந்துச்சு, அதைச் சரி பண்ணி விட்டான். செம்பகம் கதவோரமா நிக்கிறா. "நடந்ததை அப்படியே சொல்லுங்கப்பா, பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டுக் கேமராவைப் போட்டான். நான் சொன்னேன்: "வணக்கம். நான் லோகநாதனோட தகப்பனார். எங்க வீட்டுக் கடியாரத்தை நான் தொட்டதில்ல. நான் எந்தக் கடியாரத்தையும் தொட்டதில்ல. நன்றி."

லோகு கேமராவை அமத்தாம, "முடிஞ்சுதாப்பா?"ன்னான். "முடிஞ்சுது"ன்னேன். கேமராவை அமத்திட்டான். செம்பகந்தான், "வாயில என்னத்த வச்சிருந்தீங்க?"ன்னு கத்துனா. நான் அவளை அமத்திட்டு, லோகு தோள்ல தட்டி, "கீழ எழுதுறது உன் கையிலதானடா இருக்கு, பாத்துப் போட்டுக்க"ன்னு கண்ணைக் காமிச்சேன். அவன் என்னைப் பாத்தான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். "சரிப்பா, நீங்க சாப்பிடுங்க"ன்னான்.

நான் டூட்டிக்குப் போயிட்டேன். அவன் பாத்துக்குவான்னு நம்பிக்கை. படிச்ச பய, இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு.

ரெண்டு நாள்ல முடிவு வந்துருச்சு. பேரை எடுத்துட்டாங்க. இனிமே இவன் எதை அனுப்புனாலும் பாக்க மாட்டோம்னுட்டாங்க. அந்த லிஸ்டுல யாரு போய்ப் பாத்தாலும், அவன் பேருக்கு மேல கோடு போட்டு, ஏமாத்துனவன்னு பக்கத்துல போட்டிருக்குமாம். நான் பின்கட்டுல கை கழுவிக்கிட்டு இருக்கேன். உள்ள செம்பகம் அவனைப் பிடிச்சு வச்சு, அவங்களுக்கு என்ன எழுதுன, படிச்சுக் காட்டுன்னு நிக்கிறா. அவன் வாசிச்சு, தமிழ்ல சொல்றான். நான் சொன்னது அத்தனையும் வரி மாறாம இருக்கு தம்பி. எங்க வீட்டுக் கடியாரத்தை நான் தொட்டதில்ல. எந்தக் கடியாரத்தையும் தொட்டதில்ல. நன்றிங்கறதைக்கூட விடல.

"ஏண்டா பாவி, மாத்திப் போட்டா எவனுக்குடா தெரியும்?"னு செம்பகம் கேக்குறா. அவன் சொல்றான், "மாத்திப் போட்டா, அவங்க என்னைச் சொன்னது உண்மையாயிரும்லம்மா."

அதோட விட்டாளா? அதுக்கு முன்னாடி என்ன எழுதுனன்னு கேட்டா. முதல்ல அவங்க, உங்கப்பா உனக்காகப் பொய் சொன்னா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு இவன் எழுதியிருக்கான், எங்கப்பாவுக்கு வேலையே நேரம் பாக்குறதுதான், எனக்காகக்கூட அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு. செம்பகம் அதை ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னா. நான் பின்கட்டுல இருக்கேன்னு அவளுக்குத் தெரியும்.

தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு, நான் குழாயை அடைக்கல. எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு தம்பி. அன்னைக்கு டீக்கடையில அத்தனை பேரு சிரிச்சப்பகூட அப்படி இல்ல. உள்ள போகவும் முடியல, தெருவுல எறங்கவும் முடியல. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அங்கயே துணி தொவைக்கிற கல்லுல உக்காந்திருந்தேன். லோகுதான் வந்து, "கொசு கடிக்கும், உள்ள வாங்கப்பா"ன்னு கூப்புட்டான்.

பிழைக்கத் தெரியாத பய. இல்லையா? நான் வழி காட்டித்தானே விட்டேன்.

ஃபிளெக்ஸை நானே போயி இறக்கிட்டேன். விறகு நனையாம இருக்க மேல போத்தியிருக்கு. அவன் கம்ப்யூட்டர் மேல பெட்ஷீட்டைப் போட்டு மூடிட்டான். இப்ப காலையிலயும் கடைக்குப் போறான், நான் அந்தக் காலத்துல சொன்ன மாதிரியே. என்கிட்ட ஒரு கொறையும் வைக்கல. சாப்புட்டீங்களாப்பாங்கறான், மாத்திரை போட்டீங்களாப்பாங்கறான். எனக்குத்தான் அவன் மூஞ்சியைப் பாக்க முடியல. அதான் லீவு நாள்னா வீட்டுல உக்காராம இப்படி ஏதாச்சும் ஒரு வண்டியில ஏறிக்கிறது. எங்கிட்ட எவனும் டிக்கெட் கேக்க மாட்டான். தேனி வரைக்கும் போறது, ஒரு டீயைக் குடிக்கிறது, திரும்புறது.

என்ன தம்பி, போனை நீட்டுறீங்க? இது என்ன, செவப்பா எண்ணு ஓடுது? என் பேச்சா? எதுலருந்து? ம்... துண்டைக் கேமரா மேல போட்டேன்னு சொன்னதுலருந்தா. அம்புட்டும் விழுந்துருச்சா. இல்லல்ல, கோவமெல்லாம் இல்ல. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க, முகத்தைப் பாத்தாத் தெரியுது.

இதை அனுப்புனா எடுப்பாங்களா? திரும்பப் பாப்பாங்களா? உங்க சேக்காளி ஒருத்தருக்கு அவங்களைத் தெரியுமா? அட. இங்கிலீஷ் நீங்களே போட்டுருவீங்க. லோகுவுக்குத் தெரியவே வேணாம், பேரு திரும்பி வந்துட்டாப் போதும்னு சொல்றீங்க. ம். அவன் பேரு மேல போட்ட கோட்டை அழிச்சுருவாங்களா? ஏமாத்துனவன்னு போட்டிருக்கே, அதையும்?

பய அன்னைக்கு மண்டி போட்டு உக்காந்து அழுதான் தம்பி.

இருங்க. அவங்க பாக்குறாங்க, சரி. மத்தவங்க யாரும் இதைப் பாக்க முடியுமா? யாரு வேணாலுமா? அப்படி வச்சாத்தான் நம்புவாங்களா. நம்ம தமிழ்ப் பேச்சு அப்படியே கேக்கும். செங்கமலம், வேட்டி சட்டை, எல்லாம்.

என் பேரா? பேரு எதுக்கு? இன்னாரு தகப்பன்னு சொன்னாத்தான் செல்லுமா. ம்.

உசிலம்பட்டி வந்துருச்சு. அந்தா பின்னால வந்து நிக்குது பாருங்க, ஜோதிவேல். நான் சொன்னேன்ல, பிடிச்சுட்டான்.

அழிச்சுருங்க தம்பி.

இல்ல, அழிச்சுருங்க. யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். நான் சபையில கை வச்சு அணைச்சவன், இந்த வயசுல எனக்கு வேற என்ன இருக்கு? அவன் சின்னப் பய, இன்னொரு கேம் வரும், இன்னொரு ரெக்கார்டு வைப்பான். அழிங்க, நான் பாக்குறேன். அழிச்சாலும் உள்ள ஒரு குப்பைத் தொட்டியில கெடக்கும்னு லோகு சொல்லுவான், அதுலயும் எடுத்துருங்க. காட்டுங்க. ஆங், போயிருச்சு.

நல்ல புள்ளைங்க நீங்க. சொன்ன உடனே கேட்டுக்கிட்டீங்க. உங்க அப்பா குடுத்து வச்சவரு.